நிறை

பிடோக் பொட்டல முகப்பில்
நாளுக்கு இருநூறு முறை தராசைப் பார்க்கிறவள் நான்.
எழுநூற்று நாற்பது கிராம் என்றால் எனக்குத் தெரியும்:
ஜோகூருக்குப் போகும் ஒரு ஜோடிச் செருப்பு,
அட்டைப்பெட்டி, ஒட்டுநாடா உட்பட.
ஒரு கையால் தூக்கி
மறுகையால் முத்திரை குத்திவிடலாம்.

யோகேஸ்வரியின் மகள் பிறந்தபோது அவ்வளவுதான்.
இருபத்தாறாம் வாரம்.
குறைமாதத்தில் வந்தவளுக்கு
நிறைமதி என்று பேர் வைத்தாள்
யாரோடோ சண்டை பிடிக்கிற மாதிரி.

நேற்றிரவு அவளிடமிருந்து செய்தி.
குறைமாதப் பிள்ளைகளின் வார்டுக்கு
நிதி திரட்டுகிறாளாம்.
கிராமுக்கு ஒரு படி,
நாளுக்கு எழுநூற்று நாற்பது படி,
முப்பது நாள், தன் புளோக்கிலேயே.
"லிஃப்டுக்கு லீவு விட்டாச்சு லா.
முடிஞ்சதைப் போடு, முடியாட்டியும் பரவால்ல."

முடியும். சம்பளம் வந்து மூன்று நாள்தான்.
ஆனாலும் ஐம்பது என்று அடித்தேன், அழித்தேன்.
நூறு என்று அடித்தேன்.
நூறு கொஞ்சம் சத்தம் போடுகிற எண்.
கிராமுக்குப் பத்துக் காசு என்று
எழுபத்து நான்கு வெள்ளியில் போய் நின்றேன்.
தராசுக்காரிக்குத் தெரிந்த நியாயம்.

பணம் போக ஒரு நொடி.
அதன் கீழே ஒரு கட்டம்:
உங்கள் வாழ்த்தை இங்கே எழுதலாம்.
கோப்பி ஆறி ஏடு கட்டும்வரை
அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தொண்ணூற்றொரு நாளில்
ஒருநாளும் நான் போகவில்லை.
கண்ணாடிப் பெட்டியின் துளைவழி கைவிட்டு
கட்டைவிரல் நீளப் பாதமொன்றைத் தொட்டபடி அவள் இருந்தாள்.
விடிகாலை மூன்று மணிக்குப் பால் பீய்ச்சி
புட்டியில் தேதி எழுதி ஒட்டினாள்.
மெஷின் அலறும்போதெல்லாம்
தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாளாம்,
அவள் கணவன் யாரிடமோ சொல்லி
எனக்கு வந்து சேர்ந்தது.

மருத்துவமனைக்கு இங்கிருந்து ரயில்தான்,
வழியில் ஒரே ஒரு மாற்றம்.
வாசல்வரை ஒருமுறை போனேன்.
என்ன சொல்லி நுழைவது?
பிள்ளை பிறந்த வீட்டுக்கு இனிப்பு வாங்குவதா,
வாங்காமல் இருப்பதா?
கீழ்க்கடையில் ஒரு பன் வாங்கித்
தின்றுவிட்டுத் திரும்பினேன்.
அன்றிரவு அவள் அனுப்பிய படத்துக்கு
மஞ்சள் கட்டைவிரல் ஒன்றை அனுப்பினேன்.
திரையில் அது
குழந்தையின் கையைவிடப் பெரிதாக இருந்தது.

அதைப் பற்றி அவள் கேட்டதே இல்லை.
கேட்டிருக்கலாம்.

கட்டத்தில் கடைசியில் எழுதினேன்:
"உன் புளோக்கில் மாடிக்குப் பதினாறு படி.
இருபத்து நான்காம் மாடிக்கு இரண்டு தடவை ஏறினால்
எழுநூற்று முப்பத்தாறு.
மிச்சம் நாலு படிக்கு என்ன செய்கிறாய்?"

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.
"கீழே வந்து சும்மா ஏறி இறங்குவேன்.
எண்ணிப் பார்த்த ஒரே ஆள் நீதான்."

"அந்த நாலை எனக்கு வை."

சனிக்கிழமை சாயங்காலம், சாரல்.
யோகேஸ் மேலே எங்கோ இருந்தாள்,
படிக்கட்டுச் சுவரில் அவள் மூச்சு கேட்டது.
ஐந்தாம் படியில் உட்கார்ந்திருந்தாள்
நாலு வயது நிறைமதி,
தடித்த கண்ணாடி, காதைச் சுற்றி ரப்பர் பட்டை,
கையில் பாதி பிஸ்கட்.
"ஆன்ட்டி, நீங்க ஏறுங்க, நான் எண்ணுறேன்."

ஏறினேன்.
"ஒண்ணு. ரெண்டு. நாலு. அஞ்சு."

மூன்றை விட்டுவிட்டாள்.
இறங்கிப் போய்
மறுபடி முதலிலிருந்து ஏறினேன்.